ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் நடக்காதீர்கள்

இந்த மாதம் என்னிடம் இதே மாதிரி வலியோடு வந்தவர்களில் இந்த அம்மா நாலாவது ஆள். 54 வயது, சர்க்கரை உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி. "எவ்வளவு நடக்கிறீங்கம்மா?" என்றால் போனை நீட்டுகிறார். 10,214 அடி. முந்தின நாள் 10,006. வாட்ஸ்அப் குழுவில் 48 நாள் நடைச் சவாலாம், தினம் பத்தாயிரம் அடி. ராத்திரி 12 மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் போடாதவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. அது விழக்கூடாதென்று, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். போன மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டாயிரம் அடியைத் தாண்டாதவர். அதுவும் அதே போனில்தான் இருக்கிறது.

சவால் குழுவே கூடாது என்று சொல்லவில்லை. தனியாக விட்டால் நாலாம் நாளே நின்றுவிடுகிறவர்களை நானே இதில் சேரச் சொல்லியிருக்கிறேன். கோபமெல்லாம் அந்தப் பத்தாயிரத்தின் மேல்தான். அது மருத்துவர்கள் வகுத்த அளவே இல்லைங்க. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்க 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தது. விற்பனைக்கு வைத்த பெயரை அறுபது வருஷமாக விதியாகச் சுமக்கிறோம்! 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, அப்புறம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவதை நான் பார்த்த எந்தக் குழுவிலும் கேட்கவில்லை. முட்டி வலியோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பதே தொடைத் தசையைத்தான்.

சரி, சேர்ந்துவிட்டீர்களா? முதல் வாரம் வழக்கம்போல் இருந்து, எத்தனை அடி என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ கூட்டி, இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள். ஷூ போடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் நடந்து முடித்ததும் உள்ளங்காலைப் பார்த்தே ஆகவேண்டும், மரத்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். நெஞ்சை இறுக்கினால் உடனே நிறுத்துங்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டது குதிகாலைப் பற்றி இல்லை. "குரூப்ல என்னங்க சொல்றது?"

குழு நடத்துகிறவர்களே, தயவுசெய்து அந்தச் சிவப்புப் புள்ளியை எடுத்துவிடுங்கள். 'இன்று ஓய்வு' என்று போடுகிறவருக்கும் ஒரு பச்சைப் புள்ளி கொடுங்கள்.