சிதறல்: ஒரு தடவையா, பல தடவையா?

உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயில் வாசலில் தேங்காயை ஓங்கி உடைத்தால் சில்லுகள் நாலாபக்கமும் ஓடும். ஆனால் எல்லாப் பக்கமும் சமமாக ஓடாது. வீசிய பக்கம்தான் அதிகம் போகும், பொறுக்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால் உடைப்பவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்பதில்லை. இயற்பியலில் ‘ஸ்கேட்டரிங்’ என்பதற்கு நாம் சொல்லும் ‘சிதறல்’ இந்தச் சிதறுதேங்காயின் சிதறல்தான்.

சிதறு என்பது நம்முடைய சொந்த வினைச்சொல். ஆங்கிலச் சொல்லோ நொறுக்கு என்று பொருள்படும் ‘ஷேட்டர்’ என்பதன் உடன்பிறப்பு என்று கருதப்படுகிறது. ஒளி நொறுங்குவதில்லை, காற்று மூலக்கூறிலோ தூசியிலோ பட்டுத் திசை மாறுகிறது, அவ்வளவுதான். நிறம் மாறாமல் திசை மட்டும் மாறினால் மீட்சிச் சிதறல். நிறமும் கொஞ்சம் மாறினால் மீட்சியற்றது, 1928-ல் ராமன் கண்டது அது. வானவில்லில் நிறங்கள் பிரிவதையும் சிலர் சிதறல் என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்கு நிறப்பிரிகை என்று தனிச்சொல் இருக்கிறது, குழப்ப வேண்டாம்.

காற்றைக் கடந்து வரும் ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்படும், எவ்வளவு சிதறும், எவ்வளவு வந்துசேரும் என்று பார்க்கும் கணக்கான ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்பதைக் கதிர்வீச்சுப் பரிமாற்றம் என்றே வைத்துக்கொள்வோம். ‘கதிர்வீச்சுக் கடத்தல்’ என்றும் சொல்லலாம், ஆனால் இராமநாதபுரம் கடற்கரையில் கடத்தல் என்று வாயைத் திறந்தால் சுங்கத்துறை திரும்பிப் பார்க்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒளி வழியில் ஒரே ஒரு தடவை சிதறுவதாக வைத்துக் கணக்கிடலாம், திரும்பத் திரும்பச் சிதறுவதாகவும் கணக்கிடலாம். ‘சிங்கிள் ஸ்கேட்டரிங்’, ‘மல்டிபிள் ஸ்கேட்டரிங்’ இரண்டையும் நான் ஒருமுறைச் சிதறல், பன்முறைச் சிதறல் என்று சொல்வேன். ‘பல்சிதறல்’ என்றால் பலவகைச் சிதறல் என்று தோன்றிவிடுகிறது. இங்கே எண்ணுவது வகையை அல்ல, தடவையை.

இந்தத் தடவைக்கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு மண்டபத்திலோ பாம்பனிலோ மீனவர்களுக்குப் போய்ச்சேரும் மீன்வள அறிவிப்பே போதும். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் கடலின் வெப்பநிலை, பச்சையம் இரண்டையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. வெப்பநிலையை 11, 12 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் அளப்பார்கள். மூலக்கூறுச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பது ராலே விதி, அதனால் அவ்வளவு நீண்ட அலையில் அது இல்லாத மாதிரிதான், மேகமில்லாத நாளில் சிதறலைத் தூக்கிப்போட்டுவிட்டு நீராவியைக் கவனித்தால் போதும். பச்சையத்தின் கதை நேரெதிர். அது நீலம், பச்சை ஒளியைப் பார்க்கிற வேலை, செயற்கைக்கோளுக்கு வந்துசேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்ததே அல்ல, பெரும்பாலும் காற்று சிதறடித்து அனுப்பியது. அதைக் கழித்த மிச்சத்தில்தான் கடல் இருக்கிறது. அந்த ஒளி காற்றில் பல தடவை சிதறியும் வருவதால், இங்கே ஒருமுறைச் சிதறலோடு நிறுத்தினால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதிலும் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, கலங்கல் வேறு, கடல்தரையும் சேர்ந்து மின்னும்.

அப்புறம் இந்தக் கணக்குமுறைகளின் பெயரில் வரும் ‘ஸ்ட்ரீம்’. அகராதியைப் பார்த்து ‘ஓடை’ என்று போடாதீர்கள், ஒளியை எத்தனை திசைகளில் பிரித்துக் கணக்கிடுகிறோம் என்பதுதான் பொருள், எனவே ‘திசை’. இருதிசை முறை என்றால் மேலே போவது ஒன்று, கீழே வருவது ஒன்று. 1905-ல் இயற்பியலாளர் ஷுஸ்டர் செய்தது இது. கமுதிப் பக்கம் சூரியத் தகட்டின் மேல் மொத்தம் எவ்வளவு வெயில் விழும் என்ற மாதிரிக் கேள்விக்குப் பெரும்பாலும் இது போதும், வேகமாகவும் முடியும். வானத்தின் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எவ்வளவு ஒளி என்று கேட்டால் போதாது. அப்போது 8, 16 என்று திசைகளைக் கூட்ட வேண்டும், நேரமும் கூடவே ஏறும். இந்தப் பல்திசை முறையை வளர்த்து 1950-ல் நூலாகத் தந்தவர் வானியற்பியலாளர் சந்திரசேகர். ராமன் அவருக்குச் சித்தப்பா. 1988-ல் வந்த டிஸ்ஆர்ட் என்ற கணினி நிரல் அந்த வழியில் வந்ததுதான். இந்தக் கதிர்வீச்சுக் கணக்குக்கான மோட்ட்ரான் மென்பொருளில் இருதிசையும் உண்டு, டிஸ்ஆர்ட்டும் உண்டு, அவசரத்துக்கு முதலாவதைத் தட்டிவிட்டுக் கோணக்கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். திட்டுத்திட்டாக மேகம் நிற்கிற நாளுக்கு இரண்டுமே சரிப்படாது. ஒவ்வொரு ஒளித்துகளாக விட்டுப் பின்தொடரும் மான்டி கார்லோ முறைதான்.

கச்சான் காற்று வீசும் நாளில் தனுஷ்கோடியில் வானம் நீலம் குறைந்து வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலையிலிருந்து எழும் உப்புத்துகள் மூலக்கூறைவிட மிகப் பெரியது, 1908-ல் குஸ்டாவ் மீ என்ற இயற்பியலாளர் தந்த கணக்குப்படி அது ஒளியை முன்பக்கமாகவே அதிகம் தள்ளும், தேங்காய்ச் சில்லு மாதிரி. எந்தத் திசைக்கு எவ்வளவு என்று சொல்லும் அந்தச் சார்புக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேஸ் ஃபங்ஷன்’. அதைக் ‘கட்டச் சார்பு’ என்று மாற்றினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அந்த ‘ஃபேஸ்’ வானியலில் நிலவின் பிறையைக் குறித்து வந்தது, அலையின் கட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் ‘திசைப்பங்கீடு’ என்று எழுதுகிறேன்.