குவோட்டா கணக்கும் சைபர் பைட் ஃபைலும்

இந்த மாதமும் ஓர் ஆராய்ச்சி மாணவர் கலங்கிப்போய் வந்தார். பல வாரமாக ஓடிய ஜாபின் முடிவுகள் இருந்த ஃபைல் சைபர் பைட், அதாவது உள்ளே ஒன்றுமே இல்லை. "சர்வர் அழிச்சிடுச்சு சார்" என்றார்.

குவோட்டா என்பது சர்வரில் ஒவ்வொருவருக்கும் வைத்த இட வரம்பு. அவருக்கு சாஃப்ட் லிமிட் (அவகாச நாட்களுக்கு மட்டும் தாண்டலாம்) 20 ஜிபி, ஹார்டு லிமிட் (தாண்டவே முடியாது) 25. பயன்பாடு 22-ல் நின்று, ஏழு நாள் அவகாசமும் முடிந்திருந்தது. அதன்பின் "25 வரை இடமிருக்கே" என்பது செல்லாது, டிஸ்க் இடத்தை ஒதுக்கும் அலகான பிளாக் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காது. அவருடைய பைத்தான் ஸ்கிரிப்ட் ஃபைலை 'டபிள்யூ' (புதிதாக எழுதும்) மோடில் திறந்ததுமே பழைய உள்ளடக்கம் போய்விட்டது. அந்த பிளாக்குகள் கணக்கிலிருந்து கழிந்தும் மொத்தம் 20-க்கு மேலேயே இருந்ததால், எழுதப் போன முதல் வரியே மறுக்கப்பட்டது.

அடுத்து எல்லாரும் கேட்பது: "எல்எஸ்-ல கூட்டிப் பார்த்தேன், அவ்வளவு வரலையே?" வராது. லினக்ஸில் குவோட்டா பார்ப்பது எல்எஸ் என்ற பட்டியல் கட்டளை காட்டும் ஃபைல் நீளத்தை அல்ல, அந்த ஃபைலுக்காக ஒதுக்கிய பிளாக்குகளை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமான பிளாக் 4 கேபி. நூறு பைட் ஃபைலும் முழு பிளாக் பிடிக்கும். அப்படி ஒரு லட்சம் ஃபைல் வைத்தால் எல்எஸ் கணக்கில் 10 எம்பி, குவோட்டாவில் சுமார் 400 எம்பி. மறுபக்கம், ட்ரன்கேட் கட்டளையால் ஒரு ஃபைலை 10 ஜிபிக்கு நீட்டினால் குவோட்டா அசையாது. உள்ளே எழுத எழுதத்தான் ஏறும், பாதி வழியில் இடிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இதற்கு நேர்மாறு, அங்கே நீட்டிய அளவே கணக்கு. தயவுசெய்து எல்எஸ்-க்குப் பதில், பிடித்த இடத்தைக் காட்டும் டியூ கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

"டெலீட் பண்ணியும் குறையலை" என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்-இல் தேடுங்கள். அது மூடும்வரை இடம் உங்கள் தலையில்தான். இன்னொன்று, கணக்கு ஏறுவது ஃபைலின் ஓனர் பெயரில், எழுதியவர் பெயரில் அல்ல. ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுக் குழுக்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

முடிவு ஃபைலை நேராக மேலெழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்கில் பதிவதை உறுதிசெய்து), அப்புறம் ரீநேம் செய்யுங்கள். பழையது, புதியது இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும், பரவாயில்லை, தோற்றாலும் பழையது மிஞ்சும். எழுதும் ரைட் தரும் பிழையைப் பார்த்தால் மட்டும் போதாது, ஃபைலை மூடும் குளோஸ் தரும் பிழையையும் பாருங்கள். நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்-இல் குவோட்டா பிழை பலமுறை அங்கேதான் தலைகாட்டும். எச்சரிக்கை மெயில் வந்தால் அன்றே திறந்து படியுங்கள். கூடுதல் இடம் வேண்டுமென்றால் அவகாசம் முடிவதற்குள் கேளுங்கள், நாங்கள் தருகிறோம்.