புளிப்பு ஆறு பிறக்கும் எரிமலை

ஆண்டீஸ் மலைத்தொடரில், அர்ஜென்டினாவும் சிலியும் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கோட்டின்மீது 2,997 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கொபாவே எரிமலை. அப்பகுதிப் பழங்குடியினரான மாபுச்சே மக்களின் மொழியில் இப்பெயருக்குக் 'கந்தகம் உள்ள இடம்' என்று பொருள் கூறுவர். உச்சியில் வரிசையாக அமைந்த ஒன்பது வாய்களுள் கிழக்கு ஓரத்தில் உள்ளது மட்டுமே இன்று உயிர்ப்புடன் இருக்கிறது. அக்குழிக்குள் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஆவி பறக்கக் கிடக்கும் ஏரி, பெரிய வெடிப்புகளின்போது வற்றிப்போய்ப் பின்னர் மீண்டும் நிரம்புவது. அதன் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு பல அளவீடுகளில் ஒன்றுக்கும் கீழே இருந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு. ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை நினைவிற்கொண்டால், இந்த நீரின் கடுமை விளங்கும்.

இந்த அமிலம் பாறைக்குழம்பிலிருந்து பிரியும் வாயுக்களால் உண்டாவது. குழம்பு மேலேறும்போது அழுத்தம் குறைவதால், சோடா புட்டியைத் திறந்தாற்போல, அதில் கரைந்திருந்த கந்தக டைஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வெளியேறுகின்றன. வறண்ட எரிமலையில் இவை காற்றோடு கலந்துவிடும். கொபாவேயிலோ உருகிய பனியும் மழைநீரும் பிளவுகள் வழியே இறங்கி, வழியிலேயே இவ்வாயுக்களைக் கரைத்துக்கொள்கின்றன. ஹைட்ரஜன் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. கந்தக டைஆக்சைடு நீரோடு வினைபுரிந்து ஒரு பங்கு கந்தக அமிலமாகவும் மறுபங்கு தனிக் கந்தகமாகவோ அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடாகவோ பிரிகிறது.

தனிக் கந்தகத்தின் போக்குதான் விசித்திரமானது. சுமார் 119 டிகிரி செல்சியஸில் உருகித் தேன்போல ஓடும் அது, 159 டிகிரியைத் தாண்டியதும், சூட்டில் இளகுவதற்கு மாறாக, அணுக்கள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொள்வதால் திடீரெனக் கெட்டிப்படுகிறது. இப்படிக் கெட்டிப்பட்ட கந்தகம் ஏரியடியில் உள்ள வாயுத் துளைகளை அடைத்துக்கொண்டால், அழுத்தம் சேர்ந்து வெடிப்புக்கு வழிவகுக்கக்கூடும். 1990-களின் வெடிப்புகளில் சாம்பலோடு கந்தகத் துண்டுகளும் வீசியெறியப்பட்டன. இப்படிக் கந்தகத்தையும் கக்கும் எரிமலைகள் உலகில் அதிகமில்லை.

ஏரி நீர் எரிமலையின் நாடித்துடிப்பையும் காட்டுகிறது. அமிலம் பாறையைத் தின்னும்போது அதிலுள்ள மக்னீசியமும் இரும்பும் அலுமினியமும் நீரில் கரைகின்றன. பழைய பாறையில் எளிதில் கரையக்கூடியவை முன்பே அரித்துப் போயிருக்கும். ஆகவே நீரில் மக்னீசியம் திடீரெனக் கூடினால், அமிலத்துக்குப் புதிய தீனி கிடைத்திருக்கிறது, அதாவது புதுக்குழம்பு மேலேறியிருக்கிறது என்று ஊகிக்கலாம். 2000-ஆம் ஆண்டின் வெடிப்பையொட்டி எடுத்த நீர் மாதிரிகளில் இந்த உயர்வு தெளிவாகவே தெரிந்தது. 2012 டிசம்பரில் எரிமலை மறுபடியும் வெடித்தது.

கிழக்குச் சரிவில் இதே அமிலம் வெந்நீர் ஊற்றுகளாகக் கசிந்து ஓர் ஆறாகிறது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ரியோ அக்ரியோ, அதாவது புளிப்பு ஆறு. நாவுக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லிவிட்ட பெயர். அது கவியாவே ஏரியையும் அமிலமாக்கிவிட்டே கீழே செல்கிறது. பிறகு நன்னீர் ஓடைகள் வந்து சேரச் சேரப் புளிப்பு குறைகிறது. அதுவரை கரைந்தே வந்த இரும்பு இனிக் கரைந்திருக்க இயலாமல் துருவாகப் பிரிந்து படிய, சால்ட்டோ டெல் அக்ரியோ அருவியைச் சுற்றிய பாறைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூசியதுபோல் காட்சியளிக்கின்றன.