மூன்றரை டன் இழுவையைத் தாங்கும் வளையம்

சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து நிறுத்துங்கள். பின்சக்கரத்தில் தரையை நோக்கி நேராக நிற்கும் ஒரு ஸ்போக் கம்பியை விரலால் சுண்டி, அதன் ஒலியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது யாரையாவது சீட்டில் உட்காரச் சொல்லி, அதே கம்பியை மறுபடி சுண்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். சக்கரத்தின் உச்சியில் இருக்கும் கம்பியையும் இதேபோல ஆள் ஏறும் முன்பும் பின்பும் சுண்டிப் பாருங்கள். அதில் காதுக்குத் தெரியும்படியான மாற்றம் அநேகமாக இருக்காது.

நம்மில் பலரும் சக்கரத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பதை இந்தச் சிறு சோதனை காட்டிவிடுகிறது. மேலே உள்ள கம்பிகளில், சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் ஊஞ்சல் போலத் தொங்குகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியானால் ஆள் ஏறியதும் மேல்கம்பி இன்னும் முறுக்கேறி, சுருதி கூடியிருக்க வேண்டும். அது நடப்பதில்லை. சக்கரம் கோக்கும்போதே எல்லாக் கம்பிகளையும் ஏறக்குறைய 100 கிலோ இழுவிசைக்கு முறுக்கி வைத்துவிடுகிறார்கள். நாம் ஏறி உட்கார்ந்ததும், தரையை ஒட்டிய மூன்று நான்கு கம்பிகளில் மட்டும் அந்த இழுவிசை குறைகிறது. அந்தக் குறைவுதான் நம் எடையைச் சுமப்பது. மெல்லிய கம்பியைத் தனியாக நிற்கவைத்து மேலே அழுத்தினால் மடங்கிவிடும். முன்பே இழுத்துக் கட்டப்பட்ட கம்பியோ, அந்த இழுவை முழுவதும் தீரும் வரை அழுத்தத்தைத் தாங்கும். 1869இல் பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாகப் பின்னும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சக்கரமும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

இவ்வளவு இழுவையையும் எதிர்த்து நிற்பது ரிம், அதாவது டயர் அமரும் வெளி வளையம். 36 கம்பிகள், ஒவ்வொன்றிலும் 100 கிலோ என்றால் மொத்தம் 3,600 கிலோ, அதாவது மூன்றரை டன்னுக்கும் மேல். எல்லாம் மையத்தை நோக்கி இழுக்கின்றன. அந்த மொத்தத்தை 6.28ஆல் (2π) வகுத்தால் ரிம்மின் எந்த இடத்திலும் அதன் உடல் எவ்வளவு விசையால் நெருக்கப்படுகிறது என்பது கிடைக்கும்: ஏறக்குறைய 570 கிலோ. யாரும் ஏறாமல் மூலையில் நிற்கும் சைக்கிளிலேயே இந்த நெருக்கம் இரவும் பகலும் இருக்கிறது. பக்கவாட்டில் பலமான அடி விழுந்தால் சக்கரம் ஒரே நொடியில் குதிரைச் சேணம் போல வளைந்துவிடுவது இதனால்தான். அடைபட்டுக் கிடந்த அந்த விசை வெளியேற வழி தேடிக்கொண்டேதான் இருக்கிறது.

ரிம்முக்கு இன்னொரு வேலையும் உண்டு. தரையிலிருந்து வரும் சுமையைப் பக்கத்துக் கம்பிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். விறைப்பான ரிம் நாலைந்து கம்பிகளிடையே பங்கிடும். தளர்வான ரிம்மோ தரைக்கு நேராக வரும் ஒன்றிரண்டு கம்பிகளின் தலையிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிடும். அந்தக் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் மிகவும் தளர்ந்து மீண்டும் முறுக்கேறும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 460 முறை சுழல்கிறது. தினம் 10 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓட்டினால் ஏறக்குறைய 14 லட்சம் முறை. கம்பியை இத்தனை முறை தளர்த்தி இறுக்கினால், ஹப்பில் அது வளையும் முழங்கை போன்ற இடத்தில் உலோகம் சோர்ந்து அறுந்துபோகிறது. கம்பி அடிக்கடி அறுகிறதென்று கம்பியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குற்றம் ரிம்மிலோ சக்கரம் கோத்த கையிலோ இருக்கலாம்.

ஆகவே அன்றாடம் ஓட்டும் சைக்கிளுக்கு ரிம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் குறுக்குவெட்டு வடிவம். மலிவான ரிம்கள் ஒற்றைச் சுவர் கொண்டவை. குறுக்கே வெட்டினால் ஓரம் மடித்த வாய்க்கால் போல இருக்கும். இரட்டைச் சுவர் ரிம்மில் அந்த வாய்க்காலுக்கு அடியில் இன்னொரு சுவர் இருக்கும். நடுவே வெற்றிடம், அதாவது அது மூடிய பெட்டி. ஒரு காகிதத்தை இரு முனையிலும் பிடித்தால் நடுவில் தொய்ந்துவிடும். அதையே பெட்டிபோல மடித்து ஓரம் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும். மூடிய வடிவம் வளைவதையும் முறுக்குவதையும் வெகுவாக எதிர்க்கிறது. டியூபுக்கு அடியில் ரிம்மைச் சுற்றியிருக்கும் ரிம் டேப்பை நீக்கிவிட்டு உள்ளே பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒற்றைச் சுவர் என்றால், கம்பியை ரிம்மில் பிடித்து முறுக்கும் சிறு திருகான நிப்பிளின் தலைகள் உள்பரப்பிலேயே தெரியும். இரட்டைச் சுவர் என்றால் பெரிய ஓட்டைகளும் அவற்றின் ஆழத்தில் நிப்பிள்களும் தெரியும். இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை. என்னைக் கேட்டால், ரிம்முக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் மிகப் பயனுள்ள பங்கு இதற்குக் கொடுப்பதுதான்.

அடுத்து உலோகம். எஃகுதானே உறுதி என்று தோன்றும். எஃகு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரே எடையில் இரண்டு ரிம்கள் செய்தால் அலுமினியச் சுவரை மூன்று மடங்கு தடிமனாக வைக்கலாம். ஒரு தகட்டின் தடிமன் இரு மடங்கானால் அது வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் 27 மடங்கு. உலோகத்தின் மென்மைக்காக அதை மூன்றால் வகுத்தாலும் 9 மடங்கு மிஞ்சுகிறது. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த ரிம் பள்ளத்தில் இறங்கியதும் நசுங்குவதும், நல்ல அலுமினிய ரிம் தப்புவதும் இந்தக் கணக்கால்தான். எஃகு ரிம்முக்கு ஒரு நன்மை இருக்கிறது: நசுங்கிய ஓரத்தை ஓரளவு நிமிர்த்திவிடலாம். ஆனால் கம்பித் துளைகளின் ஓரத்திலிருந்தும் டயருக்கு அடியிலிருந்தும் துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை, மழையில் நனைந்த குரோம் பூச்சில் பிரேக் கட்டை வழுக்கும் என்பது. நெம்புகோலை முழுவதும் இழுத்துப் பிடித்தாலும் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்கும் சைக்கிளுக்கு எஃகு ரிம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிரேக் ஹப்பில் இருந்தால் இந்த ஆட்சேபம் இல்லை. கார்பன் ரிம் பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. அதன் விலைக்கு அன்றாட ஓட்டத்தில் பலன் கிடைக்காது.

எடையைக் குறைத்தால் சைக்கிள் பறக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பதும் உண்மைதான். ரிம்மில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் முன்னோக்கியும் நகர்கிறது, சுற்றவும் செய்கிறது. அதனால் வேகம் எடுக்கும்போது அது இரண்டு கிராம் போல நடந்துகொள்ளும். சரி, கணக்குப் போடுவோம். ஒரு ரிம்முக்கு 200 கிராம் வீதம் இரண்டிலும் 400 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்தால் 800 கிராம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இது தெரியவே தெரியாது. அந்த 200 கிராம் உலோகம் ரிம்மின் சுவரில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைப்பது மட்டும் தெரியும்.

அளவில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. 28 அங்குலம், 26 அங்குலம் என்று அங்குலத்தில் கேட்டு வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். 28 அங்குலம் என்ற பெயரில் 622 மில்லிமீட்டர் ரிம்மும் இருக்கிறது, பழைய பாணிச் சைக்கிள்களின் 635 மில்லிமீட்டர் ரிம்மும் இருக்கிறது. 26 அங்குலத்திலோ 559, 571, 590 என்று பல வகைகள். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். ரிம்மில் 622x19 என்று இருந்தால் 19 என்பது உள் அகலம். இரண்டிலும் அந்த மூன்றிலக்க எண் ஒத்துப்போக வேண்டும். உள் அகலம் 19 முதல் 23 வரை இருந்தால் அன்றாடச் சைக்கிளுக்கு ஏற்ற 35 முதல் 47 மில்லிமீட்டர் வரையிலான டயர்கள் நன்றாகப் பொருந்தும். பருமனான டயரே ரிம்முக்குச் சிறந்த கவசம். காற்றுக் குறைந்த ஒல்லி டயரோடு கல்லில் மோதினால் ரிம்மின் இரண்டு ஓரங்களும் டியூபை நசுக்கி, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை போடும். ரிம்மும் சேர்ந்து நசுங்கும். வால்வ் துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய வால்வுக்கு 6.5 மில்லிமீட்டர், கார் டியூபில் இருப்பது போன்ற வால்வுக்கு 8.5. சிறிய துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், பெரியதைச் சிறிதாக்க முடியாது.

கம்பித் துளைகள் 32 அல்லது 36 இருக்கட்டும். பாரம் ஏற்றுபவர்கள் பின்சக்கரத்துக்கு 36க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 என்று வைத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் எடையின் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் விழுகிறது. கம்பிகள் அதிகமாக இருந்தால் இன்னொரு ஆறுதல்: ஒன்று அறுந்தாலும் கோட்டம் (சக்கரம் நேராகச் சுற்றாமல் ஆடுவது) கொஞ்சமாகத்தான் விழும், வீடுவரை ஓட்டி வந்துவிடலாம். ரிம்மின் கறுப்பு நிறமும் ஸ்டிக்கரும் உறுதிக்கு எதையும் சேர்ப்பதில்லை. ரிம் பட்டையின் இரு முனைகளும் சேரும் இடம் வால்வ் துளைக்கு நேரெதிரில் இருக்கும். அங்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி தட்டினால் பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.

எவ்வளவு நல்ல ரிம்மானாலும் அதன் பக்கவாட்டில் பிரேக் பிடித்தால் தேய்ந்தே தீரும். மழைநாளில் பிரேக் கட்டையில் மணலும் உலோகத் துகளும் புதைந்துகொள்கின்றன. பிறகு அது கட்டையாக இருப்பதில்லை, உப்புத்தாளாகிவிடுகிறது. புதிதில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும் சுவர் மெல்ல மெல்லக் குழிகிறது. உள்ளே காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 40 மில்லிமீட்டர் டயரில் 4 பார் அழுத்தம் என்றால், ரிம்மின் ஓரம் ஒவ்வொன்றையும் டயர் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 8 கிலோ விசையோடு இழுக்கிறது. சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால், ஒருநாள் ஓரம் பிளந்து டயர் வெடிக்கும். முன்சக்கரத்தில் அது நடந்தால் ஓட்டுபவர் விழுவது நிச்சயம். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு கோடோ சிறு குழியோ வைத்திருப்பார்கள். அது மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. அந்த அடையாளம் இல்லையென்றால் இரும்பு அடிக்கோலின் ஓரத்தைப் பிரேக் பிடிக்கும் பரப்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் பிறைபோல ஒளி தெரிந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பிரேக் கட்டையில் மின்னும் துகள்களை மாதம் ஒருமுறை ஊசியால் நெம்பி எடுப்பது ஐந்து நிமிட வேலை. ரிம்மின் ஆயுளை இதைவிடச் சிக்கனமாக நீட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் இந்தத் தேய்மானமே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிரிழையாக ஓடும் விரிசல்களை. என் பழைய பின்சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அழுக்குக் கோடு என்று நினைத்த ஒன்று எத்தனை முறை தேய்த்தும் போகவில்லை. ஒரு துளையிலிருந்து இரு பக்கமும் ரிம்மின் நீளவாக்கில் ஓடிய விரிசல் அது. அதே வரிசையில் இன்னும் இரண்டு இருந்தன. மூன்றும் வலப்பக்கக் கம்பிகளின் துளைகள். பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும். விரிசல் அந்தப் பக்கமே முதலில் வருகிறது. எஃகில் ஒரு எல்லைக்குள் எத்தனை முறை விசை ஏறி இறங்கினாலும் சோர்வு தொடங்காது. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சிறு விசையும் போதிய முறை திரும்பினால் விரிசல் விடும்.

ரிம் போனால் சக்கரமே போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஹப்பும் கம்பிகளும் நன்றாக இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றலாம். அதற்குப் புதிய ரிம்மில் துளைகளின் எண்ணிக்கை அதேயாக இருக்க வேண்டும், எதிரெதிர் நிப்பிள்களின் தலைகளுக்கு இடையிலான உள்விட்டமும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். அதே மாதிரி ரிம் கிடைத்தால் உத்தமம். பழைய சக்கரத்தின் எல்லா நிப்பிள்களையும் சுற்றுச் சுற்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். புதிய ரிம்மைப் பழையதன் பக்கத்தில் வால்வ் துளைகள் நேராக வரும்படி வைத்து, நாலைந்து இடத்தில் டேப் சுற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, நேர் பக்கத்துத் துளைக்கு மாற்றிக்கொண்டே போகலாம். கம்பிகளின் பின்னல் கலையாது. கம்பி முனையின் திருகு இழைகளில் ஒரு துளி எண்ணெய் விட்டுக்கொண்டால் நிப்பிள் திக்காமல் திரும்பும்.

பிறகு கோட்டம் எடுக்கும் வேலை. ரிம் நேராகச் சுற்றினால் போதும் என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கம்பி தளர்ந்தும் அடுத்தது அளவுக்கு மீறி இறுகியும் இருந்தால்கூட ரிம் அன்றைக்கு நேராகச் சுற்றும். அதனால் ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டிக்கொண்டே வாருங்கள். இழுவிசை பாதியாகக் குறைந்த கம்பியின் சுருதி, மேல் ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு இறங்கிய தூரம் இறங்கியிருக்கும். இசைப் பயிற்சி இல்லாத காதுக்கும் அது பிடிபடும். ஒலி ஒன்றுபட்டதும், இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை போட்ட கையால் சேர்த்து அழுத்துங்கள். அங்கங்கே டிக் டிக்கென்று ஒலி கேட்கும். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் விடுபட்டுத் தத்தம் இடத்தில் அமர்கிற ஒலி அது. அழுத்தியபின் கோட்டத்தை மறுபடி பாருங்கள், கொஞ்சம் விலகியிருக்கும். திருத்திவிட்டு மீண்டும் அழுத்துங்கள். ஒலி எழாமல் நிற்கும் வரை இதைச் செய்துவிட்டுத்தான் டயரை மாட்ட வேண்டும்.