ஸ்ப்ளிட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டிவி செட்டிங்ஸைப் பாருங்கள்

டிவியின் ஆப்டிகல் அவுட்டில், அதாவது ஒலியை ஒளியாக வெளியே அனுப்பும் துளையில், அதை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் சவுண்ட்பாருக்கு, இன்னொன்று வயர்லெஸ் ஹெட்போனின் டிரான்ஸ்மிட்டருக்கு. சவுண்ட்பாரில் சத்தம் வருகிறது, ஹெட்போனில் வரவில்லை. உடனே "ஸ்ப்ளிட்டர் பழுது" என்று முடிவு கட்டுகிறார்கள். வேறொன்று வாங்குகிறார்கள், அதிலும் வராததால் இன்னும் விலை கூடியதாக மூன்றாவதையும் வாங்குகிறார்கள். சர்வீஸுக்கு வருவது அதற்குப் பிறகுதான். சோதித்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. இதே புகார் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்ப்ளிட்டர் எதையும் மொழிமாற்றிக் கொடுக்காது. உள்ளே வரும் சிவப்பு ஒளியை இரண்டு பக்கமும் அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அந்த ஒளிக்குள் இருப்பது பிசிஎம்மா (சுருக்காத ஒலி), டால்பி டிஜிட்டலா, டிடிஎஸ்ஸா (இவை இரண்டும் சுருக்கிய ஒலி வடிவங்கள்) என்று அதற்குத் தெரியாது. டிவிக்கும் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹெச்டிஎம்ஐயில் இணைத்தால், எதிரே உள்ள சாதனத்தால் எந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்று டிவியால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஆப்டிகல் ஒருவழிப் பாதை, பதில் வருவதற்கு அதில் வழியே கிடையாது. டிவி ஒரு வடிவத்தைத்தான் அனுப்பும், இரண்டு சாதனங்களுக்கும் அதேதான் போய்ச் சேரும். "சவுண்ட்பாருக்கு 5.1 (ஆறு சேனல் சரவுண்ட் ஒலி), ஹெட்போனுக்கு ஸ்டீரியோ" என்று பிரித்துக் கொடுக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் கிடையாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் கிடையாது.

சவுண்ட்பாருக்குள் பெரும்பாலும் டால்பி டிகோடர், அதாவது டால்பி வடிவத்தைப் பிரித்து ஒலியாக்கும் பகுதி, இருக்கும். ஹெட்போன் டிரான்ஸ்மிட்டர்களிலும், ஆப்டிகலை ஆர்சிஏவாக (சிவப்பு, வெள்ளை பிளக்) மாற்றும் சின்னப் பெட்டிகளிலும் பெரும்பாலும் அது இருக்காது, அவற்றுக்குத் தெரிந்தது இரண்டு சேனல் பிசிஎம் மட்டும். டிவியில் "டால்பி டிஜிட்டல்", "பிட்ஸ்ட்ரீம்", "பாஸ்த்ரூ" என்று வைத்திருந்தால் அவை ஊமையாகிவிடும், இல்லையென்றால் "சர்ர்ர்" என்று இரையும். "ஆட்டோ" என்று வைத்திருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். மெனு சத்தமும் சில சேனல்களும் ஹெட்போனில் கேட்கும், 5.1 ஒலியுள்ள படம் தொடங்கியதும் நின்றுவிடும். இந்த அறிகுறியைப் பார்த்தால் ஸ்ப்ளிட்டரைத் தொடவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் "டிஜிட்டல் ஆடியோ அவுட்" என்ற பகுதிக்குப் போய் பிசிஎம் என்று மாற்றுங்கள். இரண்டிலும் சத்தம் வரும். ஆனால் சவுண்ட்பாருக்கு 5.1 போகாது, ஸ்டீரியோதான் போகும். ஆப்டிகலில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான். 5.1 கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டாவது சாதனத்துக்கு முன்னால் டால்பி டிகோடர் உள்ள கன்வெர்ட்டரைப் போட வேண்டும். வாங்கும்போது "டால்பி டிஜிட்டல் டிகோடர்" என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள், "ஆப்டிகல் இன்புட்" என்று மட்டும் இருந்தால் போதாது.

ஒரு வேண்டுகோள். சோதிக்கும்போது ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள், சத்தத்தையும் அடியோடு குறைத்து வையுங்கள். டிகோடு ஆகாத சிக்னலைப் பிசிஎம் என்று நினைத்து வாசிக்கும் சாதனம் முழு அளவு இரைச்சலை வெளியே விடும். வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ ஹெட்போன் போட்டுக்கொண்டிருக்கும்போது செட்டிங்ஸை மாற்றவே மாற்றாதீர்கள்.

ஸ்ப்ளிட்டர்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அதைக் கழற்றிவிட்டு, சத்தம் வராத சாதனத்தை நேராக டிவியில் இணையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் செட்டிங்ஸைப் பாருங்கள். நேராக இணைத்தால் நன்றாக வந்து, ஸ்ப்ளிட்டர் வழியாக மட்டும் விட்டுவிட்டு வருகிறது, "டிக் டிக்" என்று வெட்டுகிறது என்றால் அது ஒளிக் குறைவு.

மின்சாரம் தேவைப்படாத 'ஒய்' வடிவ ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி ஒளிதான் போகும், அதாவது 3 டெசிபல் இழப்பு. இணைப்புகளில் போவது தனி. கேபிள்களை 1.5 அல்லது 2 மீட்டருக்குள் வைத்தால் பொதுவாகச் சிக்கல் வராது. ஒன்றின் பின்னால் இன்னொன்றைச் செருகி மூன்று, நான்கு சாதனங்களுக்குக் கொடுக்கப் பார்க்காதீர்கள். கேபிள் நீளம் என்றாலோ, இரண்டுக்கு மேல் சாதனங்கள் என்றாலோ, 5 வோல்ட்டில் இயங்கும் ஆக்டிவ் ஸ்ப்ளிட்டரே சரி. அது சிக்னலை வாங்கி, ஒவ்வொரு அவுட்டுக்கும் தனி எல்இடி மூலம் புதிதாக அனுப்பும். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுத்தால் டிவி அணையும்போது அதுவும் அணையும், ஒளியும் நின்றுவிடும். டிவி அணைந்திருக்கும்போதும் வேறு சாதனத்தின் ஒலியை அதன் வழியே அனுப்புவதாக இருந்தால் தனி அடாப்டர் போடுங்கள்.

டிவியையும் கேம் கன்சோலையும் ஒரே ரிசீவரில் இணைக்க 'ஒய்' ஸ்ப்ளிட்டரைத் தலைகீழாகப் போடுவது அடுத்த தவறு. சத்தம் எதுவும் வராத நேரத்திலும் பல சாதனங்கள் ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு ஒளியும் கலந்தால் ரிசீவருக்கு ஒன்றும் புரியாது. ஆக்டிவ் வகையைத் திருப்பிப் போட்டால் சுத்தமாக வேலை செய்யாது. இதற்குத் தேவை செலக்டர் ஸ்விட்ச், அது வேறு பொருள். வாங்கும் முன் பெட்டியில் எத்தனை இன், எத்தனை அவுட் என்று எண்ணிப் பாருங்கள்.

கேபிள் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். ஒளி ஊடுருவும் மூடி கண்ணுக்கே தெரியாது, அதோடு செருகிவிட்டுப் புகார் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளக் ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும், அழுத்தித் தள்ளினால் சாக்கெட்டின் சின்னக் கதவு உடைந்துவிடும். டிவிக்கும் சுவருக்கும் நடுவே கேபிளை மடக்காதீர்கள். வளைவின் ஆரம் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தங்க முலாம் பூசிய ஆப்டிகல் பிளக்குக்குக் கூடுதல் பணம் தராதீர்கள், அதில் மின்சாரமே ஓடுவதில்லை.

இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே அறையில் எதிரொலிப்பதற்கும் ஸ்ப்ளிட்டர் காரணமில்லை. ஒவ்வொரு சாதனமும் ஒலியைப் பதப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. முந்தி வரும் சாதனத்தில் "ஆடியோ டிலே" இருந்தால் அதைக் கூட்டி இரண்டையும் நெருக்கலாம். டிவியில் உள்ள டிலேயை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே நகரும், பலனில்லை.

அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பி தொழில்நுட்பம்) வேண்டும் என்பதற்காக ஸ்ப்ளிட்டர் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டால்பியின் வேறு வடிவங்களான டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் ட்ரூஹெச்டியும் ஆப்டிகலில் போகாது, அட்மாஸ் பெரும்பாலும் அவற்றோடுதான் வரும். சவுண்ட்பாரை ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது இஏஆர்சியில் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பவும் செய்யும் ஹெச்டிஎம்ஐ போர்ட்) இணைத்து, ஆப்டிகலை ஹெட்போனுக்கு மட்டும் விடுங்கள். சில டிவிகளில் இரண்டு அவுட்டுக்கும் ஒரே செட்டிங்தான் இருக்கும், சிலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு அவுட்தான் இயங்கும். எதையும் வாங்கும் முன் அதை மெனுவில் சரிபார்த்துவிடுங்கள்.