தோட்டத்துக்கு ஆம்புலன்ஸும் தடுப்பூசியும்: பெருந்தொற்று நேரத்தில் நமக்கு உள்ள உரிமைகள்

மலேசியாவில் அவசர உதவிக்கு 999 என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கைப்பேசியில் 112 அழுத்தினாலும் அதே இடத்துக்குத்தான் போகும். கட்டணம் கிடையாது, பிரீபெய்டில் காசு தீர்ந்திருந்தாலும் கவலை இல்லை. ஆனால் அழைப்பு போன பிறகு என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், பட்டணத்தை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் எல்பில், ஹெவுட், டோவன்பி போன்ற தோட்டப் பக்கங்களில் நேரம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

999-ஐ முதலில் எடுப்பவர் மருத்துவப் பணியாளர் அல்லர். போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டுவிட்டு மாற்றிவிடுவது அவர் வேலை. ஆம்புலன்ஸ் என்று சொன்னதும் அழைப்பு மருத்துவமனையின் அவசர ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அங்கே மறுபடியும் கேள்விகள் வரும். "இப்பதானே சொன்னேன்" என்று கோபப்பட்டு வைத்துவிடாதீர்கள். இரண்டாவதாகப் பேசுபவர்தான் வண்டியை அனுப்புகிறவர். வண்டி வரும்வரை நோயாளிக்கு என்ன செய்யலாம் என்றும் அவரே சொல்வார்.

அவர் தமிழ் பேசுவார் என்று நம்பியிருக்க வேண்டாம். வீட்டில் மலாய் சரளமாகப் பேசுகிறவர் அழைப்பது நல்லது. பேச வராத பாட்டி தனியாக இருக்கும் வீட்டில் நாலைந்து சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மூச்சுத் திணறலுக்கு "செசாக் நாபாஸ்", நெஞ்சு வலிக்கு "சாக்கிட் டாடா", நினைவு இல்லை என்றால் "தீடாக் செடார்". அதற்குக் கீழே வீட்டு முகவரி.

முகவரிதான் நமக்குப் பெரிய தலைவலி. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருப்பவருக்கு வீட்டு எண், ஜாலான் (சாலை) எண் எல்லாம் உண்டு. தோட்டத்தில் "இரண்டாவது டிவிஷன், பழைய கிராணி வீட்டுக்குப் பின்னால்" என்றால் நமக்குப் புரியும். ஈப்போவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் புரியும்? முனியாண்டி கோயில் பெயரும் பல நேரம் வரைபடத்தில் இருக்காது. தமிழ்ப்பள்ளி இருக்கும். ஆகவே பள்ளியின் பெயரை எஸ்.ஜே.கே.டி. என்று தொடங்கி அதிகாரப்பூர்வமாக உள்ளபடியே சொல்லி, அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லுங்கள். அப்புறம் ஒருவரை மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைச் சந்திப்புக்கு அனுப்பி வண்டியை அழைத்துவரச் சொல்லுங்கள். தோட்டத்துக் கேட் இரவில் பூட்டப்படும் என்றால் காவலாளியின் கைப்பேசி எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். நிர்வாகத்திடம் இதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். இதில் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை.

வருவது மருத்துவமனை ஆம்புலன்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொதுத் தற்காப்புப் படை, செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் இவர்களுடைய வண்டிகளும் இந்தச் சேவையில் உண்டு. நீங்கள் விரும்பும் மருத்துவமனைக்கு அது போகாது. அருகில் உள்ள, தகுந்த அரசு மருத்துவமனைக்குப் போகும். சுங்கை சிப்புட் மருத்துவமனையில் நிபுணர் தேவைப்படும் நோயாளியைச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு மாற்றுவது வழக்கம். "ஏன் நேராக அங்கே போகவில்லை" என்று வண்டிக்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயன் இல்லை. தனியார் ஆம்புலன்ஸை நீங்களே அழைத்தால் நிலைமை வேறு. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இதோடு ஒரு பயம் சேர்ந்துகொண்டது. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 342-வது சட்டத்தின் கீழ், கையில் பிங்க் பட்டை கட்டி வீட்டில் இருக்கச் சொன்னவர்கள் வாசலைத் தாண்டினால் அபராதம் என்று பயந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த உத்தரவு 999-ஐ அழைப்பதைத் தடுக்காது. தொற்று உறுதியானவர் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வருவார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்குவது ஆகியவை விடியும்வரை காத்திருக்கும் அறிகுறிகள் அல்ல. கோவிட்டில் சிலருக்கு மூச்சு வாங்காமலேயே ஆக்சிஜன் இறங்கியது. "தாத்தா நல்லாத்தான் பேசுறார்" என்பதை மட்டும் நம்பக் கூடாது.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். தேசிய கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. முதலில் முன்களப் பணியாளர்கள், அடுத்து 60 வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட நோயாளிகள், மாற்றுத் திறனாளிகள், அப்புறம் 18 வயதுக்கு மேற்பட்ட மற்ற எல்லாரும் என்று வரிசை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். சிறுவர்களுக்கு, 5 முதல் 11 வயது வரை, 2022 பிப்ரவரியில் தொடங்கியது.

அந்தத் திட்டத்தில் ஊசி இலவசம், பொதுமக்களுக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. அரசின் மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலி இல்லாதவருக்கு ஊசி இல்லை என்று அப்போது தோட்டங்களில் ஒரு பேச்சு பரவியது. அது தவறு. இணையதளம், தொலைபேசி, நேரில் கிளினிக்கில் பெயர் கொடுப்பது, உட்புறங்களுக்கு வரும் பதிவுக் குழு என்று வேறு நான்கு வழிகளும் திட்டத்திலேயே இருந்தன. படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போட்டார்கள். எளிதில் போக முடியாத இடங்களுக்கு ஒரே ஊசியோடு முடியும் கேன்சைனோவும் பயன்பட்டது. இரண்டாவது முறை வண்டி ஏற வேண்டாம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. இனி ஒரு தொற்று வந்தாலும் செயலியைப் பார்த்து மலைத்து நிற்காமல், ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார கிளினிக்குக்கு, நேரே போய், "செயலி இல்லாமல் எப்படிப் பதிவது" என்று கேளுங்கள்.

ஐசியே இல்லாதவர்? நம்மிடையே பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்து லயன் வீட்டில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நாட்டில் வசிக்கும் எல்லாருக்கும், ஆவணம் இல்லாதவர்கள் உட்பட, ஊசி உண்டு என்பதே 2021 பிப்ரவரியில் அரசு சொன்னது. பிடிபடும் பயம் வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் மே மாதக் கடைசியில் உள்துறை அமைச்சு ஆவணமற்றவர்களைப் பிடிக்கப் போவதாக அறிவித்தது. ஒரு கை அழைக்க, மறு கை விரட்டினால் யார் வருவார்கள்? அப்படிப்பட்டவரைத் தனியாக அனுப்பாமல், பழக்கமான கிளினிக் தாதி அல்லது உள்ளூர்த் தொண்டு அமைப்பு வழியாக அழைத்துப் போவதே நல்லது.

ஊசி போட்ட பிறகு 15 முதல் 30 நிமிடம் உட்கார வைப்பது ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கத்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். கடும் பாதிப்புக்கு இழப்பீடு அறிவிக்கப்பட்டது பலர் காதில் விழவே இல்லை. தடுப்பூசியால் மருத்துவமனையில் நீண்ட சிகிச்சை பெற்றவருக்கு 50,000 ரிங்கிட், நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 ரிங்கிட் என்று 2021-இல் சிறப்பு உதவி அறிவிக்கப்பட்டது. மருத்துவ ஆய்வுக்குப் பிறகே பணம். அதனால் ஊசி அட்டை, ஊசித் தொகுதி எண், மருத்துவமனைக் கடிதம் எதையும் தூக்கிப் போடக் கூடாது.

நிர்வாகத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டத்தில் சுகாதாரம், மருத்துவ வசதி பற்றித் தனிப் பகுதியே உண்டு. முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் (மருத்துவ உதவியாளரும்) இருந்த காலம் போய், இப்போது பல இடங்களில் நிர்வாகம் ஏற்பாடு செய்த தனியார் கிளினிக்கான பேனல் கிளினிக்கின் பெயர் மட்டும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. வேலையில் இருப்பவருக்கு ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்து மருத்துவர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால், அது வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவில் உள்ள சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. நாள் சம்பளக்காரர் என்று சொல்லி மறுத்தால் எம்.சி. நகலோடு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். குடியிருப்பு, மருத்துவ வசதிக் குறைகளையும் அங்கேயே சொல்லலாம்.