பிலிபஸ்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

விவாதத்தை முடியவிடாமல் இழுத்து, சிறுபான்மை உறுப்பினர்கள் வாக்கெடுப்பைத் தடுக்கும் உத்திக்குப் பெயர் பிலிபஸ்டர். 2016ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இடம் காலியானது. அதற்கு அன்றைய அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலவையான செனட் ஏற்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "குடியரசுக் கட்சிக்காரர்கள் பிலிபஸ்டர் செய்து தடுத்துவிட்டார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. அங்கே நடந்தது வேறு. பிலிபஸ்டர் நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு, அதுவும் எதிர்த்தரப்பிலிருந்து.

சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் கொள்ளையடிப்பவன் என்ற பொருளில், கடற்கொள்ளையருக்கு அங்கே வழங்கிய பெயர் அது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் வாய்களில் புகுந்து உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. 1850களில் சொந்தப் படை திரட்டிக்கொண்டு லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பிடிக்கப் போன அமெரிக்கர்களை இப்படி அழைத்தார்கள். அவர்களில் வில்லியம் வாக்கர் என்பவர் 1856ல் நிகரகுவாவின் அதிபராகவே உட்கார்ந்துவிட்டார். 1860ல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில்தான் சபையை மடக்கிப்போடும் உறுப்பினர்கள் மீதும் இந்தப் பெயர் ஒட்டியது. சபையின் நேரத்தைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று வசை.

சரி, எப்படி மடக்குகிறார்கள்? செனட்டில் விவாதம் முடிந்தால்தான் வாக்கெடுப்பு. பேசுபவரை உட்கார வைக்க ஒரு காலத்தில் வழியே கிடையாது. 1917ல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று விதி வந்தது. 1975ல் அது 100 பேரில் 60 என்று குறைந்தது. 41 பேர் சேர்ந்தால் போதும், 59 பேரின் விருப்பத்தை நிறுத்தி வைக்கலாம். 1957ல் ஸ்ட்ராம் தர்மண்ட் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். இப்போது அப்படி நின்று பேச வேண்டியதில்லை. 'விவாதத்தை முடிக்க ஒப்ப மாட்டோம்' என்று சொல்லிவிட்டாலே போதும்.

அதனால்தான் 'தடைப்பேச்சு', 'நெடும்பேச்சு' என்ற ஆக்கங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. பேச்சே இல்லாத இடத்தில் பேச்சு என்று எப்படி எழுதுவது? 'முட்டுக்கட்டை' என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். இந்தச் சொல் தேரடியிலிருந்து வந்தது. திருவாரூரில் ஆழித்தேர் ஓடும்போது கவனித்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். சக்கரத்தடியில் கட்டை போடுபவர்கள் ஒரு சிலர். அந்தச் சிலரால் அவ்வளவு பெரிய தேர் நின்றுவிடும். சிறுபான்மை பெரும்பான்மையை நிறுத்துகிற காட்சி அப்படியே இதில் இருக்கிறது. தேர் நிலைகுலையாமல் திரும்புவதற்கும் அந்தக் கட்டைதான் வேண்டும் என்பதால், முட்டுக்கட்டை எப்போதும் கெட்டது என்ற பொருளும் இல்லை. பேச்சு வழக்கில் எல்லாத் தடைக்கும் முட்டுக்கட்டை என்கிறோமே, அதிலிருந்து பிரித்துக் காட்ட 'விவாத முட்டுக்கட்டை' என்று எழுதலாம்.

இனி கார்லண்ட் விஷயம். 2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா இறந்தார். புதிய அதிபர் வரும்வரை இந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல். அடுத்து யார் என்ற பட்டியலில் அடிபட்ட பெயர்களில் ஸ்ரீ ஸ்ரீனிவாசனும் ஒருவர். தந்தை வழியில் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் நம்மூரிலும் அப்போது ஆவலோடு பேசினார்கள். மார்ச் 16 அன்று ஒபாமா கார்லண்டை அறிவித்தார். செனட்டின் நீதித்துறைக் குழு அவரை ஒரு நாள்கூட விசாரணைக்கு அழைக்கவில்லை. விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 293 நாட்கள் காத்திருந்து, 2017 ஜனவரி 3 அன்று நியமனம் தானாகக் காலாவதியானது. இதைச் செய்தது 54 இடங்கள் வைத்திருந்த பெரும்பான்மைக் கட்சி. வடம் பிடிக்க வேண்டியவர்களே தேரை நிலையைவிட்டு எடுக்காதபோது கட்டைக்கு அங்கே வேலை ஏது? இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டாம். 'கிடப்பில் போட்டார்கள்'. அவ்வளவுதான். ஓராண்டுக்கும் மேல் எட்டு நீதிபதிகளோடு இருந்த நீதிமன்றம், குடியேறிகளைப் பற்றிய முக்கியமான வழக்கில் 4-4 என்று பிரிந்து நின்றது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. வாக்களித்துத் தோற்கடித்திருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று மக்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் அதே இடத்துக்கு டிரம்ப் நீல் கோர்சச்சை முன்மொழிந்தபோது ஜனநாயகக் கட்சியினர் போட்டது அசல் விவாத முட்டுக்கட்டை. 2017 ஏப்ரல் 6 அன்று விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் கிடைக்கவில்லை. உடனே குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று நடைமுறையை மாற்றினார்கள். 2013ல் ஜனநாயகக் கட்சியினர் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு இதையே செய்திருந்தார்கள். மறுநாள் 54-45 என்று கோர்சச் தேர்வானார்.

1968ல் ஏப் ஃபோர்ட்டஸ் தலைமை நீதிபதியாக முடியாமல் போனதும் விவாத முட்டுக்கட்டையால்தான். அதுவும் தேர்தல் ஆண்டு. ஆனால் 2020 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தபோது, 2017ல் நடைமுறை மாறிவிட்டதால், போடுவதற்குக் கட்டையே இல்லை. தேர்தல் நவம்பர் 3. தேர்தல் ஆண்டில் நிரப்பக் கூடாது என்று முன்பு சொன்ன மெக்கானலின் தலைமையிலேயே, எட்டு நாள் முன்னதாக, அக்டோபர் 26 அன்று ஏமி கோனி பாரெட் 52-48 என்று தேர்வானார். ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை.